கழுத்துப் பாரம்

காலை நடையின்போது, பொத்தேரி ரயில் நிலையத்துக்கு எதிரே டீ குடிக்க நிற்போம். அங்கே போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு காருக்குப் பின்னால சின்ன வீடு மாதிரி ஒண்ணு இழுத்துக்கிட்டுப் போனாங்களே, பார்த்தீங்களா சார்? மகாபலிபுரம் கடற்கரையில போய் அதுலயே தங்குவாங்களாம்."

நான் பார்க்கவில்லை. ஆனால் அப்படி ஒரு வண்டிக்கு முன்னால் பயணம் செய்த அனுபவம் எனக்கு உண்டு. அதை அவரிடம் சொல்லத் தொடங்கி, என் தாத்தாவின் மாட்டு வண்டியில் வந்து முடித்தேன். டீ ஆறிப் போனது. "இதை எழுதுங்க சார்" என்றார். எழுதுகிறேன்.

2014இல் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம். டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகருக்கு வெளியே வீடு. மாப்பிள்ளை அப்போதுதான் பழைய முகாம் வண்டி ஒன்று வாங்கியிருந்தார். இரண்டே சக்கரம். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மொத்த எடை 1500 கிலோ என்றார். அந்த ஊர்க் கணக்கில் அது சின்ன வண்டிதானாம்.

முதல் நாள் காரின் பின்புறக் கொக்கியில் அதைப் பூட்டியதும் காரின் பின்பக்கம் அமுங்கியது, முன்பக்கம் தூக்கிக்கொண்டது. கர்ப்பிணிப் பெண் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நிற்பதுபோல் இருந்தது. இரவில் ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வெளிச்சம் சாலையில் விழாமல் மரக் கிளைகளில் விழுந்தது. "ஸ்டீயரிங் காத்துல சுத்துற மாதிரி லேசா இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை படித்தவர், யோசிக்கத் தெரிந்தவர். வண்டியின் முன்மூக்கில் கேஸ் சிலிண்டரும் பேட்டரியும் இருந்தன. முன்பாரம் அதிகம் என்று கண்டுபிடித்துவிட்டார். திரும்பும்போது பிள்ளைகளின் சைக்கிள்கள், தண்ணீர்ப் பெட்டிகள், மடக்கு நாற்காலிகள் எல்லாவற்றையும் வண்டியின் கடைசிக் கோடியில் ஏற்றினார். அவ்வளவுதான், கார் சமமாகிவிட்டது. பார்க்க எவ்வளவு அழகு! எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ செய்தது. ஏன் என்று அந்த நேரத்தில் எனக்கே விளங்கவில்லை.

ஒரு இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. அது கிளப்பிய காற்றில் பின்வண்டி ஒரு பக்கம் ஒதுங்கியது, பிறகு மறுபக்கம் வந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. நாய் வாலை ஆட்டுவது போய், வால் நாயை ஆட்டத் தொடங்கியது. பின் இருக்கையில் எனக்கும் மகளுக்கும் நடுவில் நான்கு வயதுப் பேரன். மாப்பிள்ளை பதறி பிரேக்கை மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பின்வண்டிக்கு மட்டும் உள்ள மின்சார பிரேக்கைக் கையால் மெல்ல அழுத்தினார். ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு நான்தான் சொன்னேன்: "மாப்பிள்ளை, பின்பாரம். எல்லாத்தையும் முன்னால கொண்டு வந்துடலாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?" என்றார். அவர் அறிந்தவரை நான் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவன். கார் ஓட்டத் தெரியாதவன்.

எனக்குத் தெரிந்தது பாகூரில்.

பாகூர் புதுச்சேரிக்கு நெற்களஞ்சியம் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். அங்கே தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கட்டை வண்டியும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. நான் டவுனில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தேன். விடுமுறைக்கு பாகூர். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இரண்டு எருதுகளைப் பூட்டிய படம் போட்டு, அதன் கீழே 'அத்லாஜ்' என்று எழுதியிருக்கும். மாட்டைப் பூட்டுவதற்கு அந்தச் சொல். காருக்குப் பின்னால் இருக்கும் கொக்கிக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஏர்க்காலுக்கு 'ஃப்ளேஷ்', அதாவது அம்பு, என்று பெயர். முகாம் வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் அதே பெயர்தான். மாடு போய் மோட்டார் வந்தும் அவர்கள் சொல்லை மாற்றவில்லை. மாற்றவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டும் ஒரே காரியம்தானே.

இரண்டு சக்கர வண்டி என்றால் அது ஒரு தராசு. அச்சு நடுவில். அச்சுக்கு முன்னால் உள்ள சுமை ஏர்க்காலை அழுத்தும், பின்னால் உள்ள சுமை அதைத் தூக்கும். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் உட்கார்ந்துவிடும், புண் வரும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே எழும்பும், அதோடு கட்டியுள்ள பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையைப் பிடிக்கும். தாத்தா நெல் மூட்டை ஏற்றி முடித்ததும் ஏர்க்காலின் நுனியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் கனக்கவேண்டும். கனக்காமல் தானாக மேலே வந்தால் ஒரு மூட்டையை முன்னுக்கு நகர்த்தச் சொல்வார். தூக்கவே முடியாவிட்டால் ஒன்றைப் பின்னுக்கு. அவரிடம் தராசு கிடையாது, கைதான்.

1954க்கு முன்னால் டவுனுக்கு நெல் கொண்டுபோகும்போது வழியில் எல்லை குறுக்கிடும். சோதனைக்காரர்கள் மூட்டைகளை இறக்கச் சொல்லுவார்களாம். சோதனை முடிந்ததும் அவசரத்தில் கண்டபடி ஏற்றிவிட்டால் மிச்ச வழி முழுக்க மாட்டுக்குத் தண்டனை. "வெள்ளைக்காரன் எல்லை போட்டான், மாட்டுக் கழுத்துல கட்டினான்" என்பார் தாத்தா. எந்த வெள்ளைக்காரன் என்று நான் கேட்டதில்லை. எங்கள் பக்கம் இரண்டு பேர் இருந்தார்களே!

எனக்குப் பதினொரு வயது இருக்கும். வலத்து மாட்டுக்குக் கழுத்தில் புண். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடுவது என் வேலை. போடும்போது அது தோலைச் சிலிர்த்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். அறுவடை நேரத்தில் மாட்டுக்கு ஓய்வு கொடுக்க முடியாது. ஒரு நாள் பத்து மூட்டையை தென்பெண்ணைக்கு அக்கரையில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டியிருந்தது. தாத்தா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டியில் ஏற்றிய பண்ணையாளிடம், "பின்னால தள்ளி அடுக்குங்க, மாட்டுக்குக் கழுத்து நோவுது" என்று சொன்னது நான். எஜமானர் பேரன் சொன்னதை அவர் தட்டவில்லை. தாத்தா வந்து, நேரமாகிவிட்டது என்று, அன்றைக்கு மட்டும் ஏர்க்காலைத் தூக்கிப் பார்க்காமல் ஏறிவிட்டார்.

சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. மாடு சுகமாக நடந்தது. எனக்கு ஒரே பெருமை. ஆற்று மணலைத் தாண்டி அக்கரை மேட்டில் ஏறும்போது மூட்டைகள் பின்னுக்குச் சரிந்தன. ஏர்க்கால் அப்படியே ஆகாயத்தைப் பார்த்து எழும்பியது. இரண்டு மாடும் முன்னங்கால் தரையில் பாவாமல் தொங்கின. அந்த நேரம் அவை எழுப்பிய ஓசையை நான் எழுதப் போவதில்லை. தாத்தா குதித்து, இடுப்பிலிருந்த அரிவாளால் பூட்டாங்கயிற்றை அறுத்தார். ஒன்று, பிறகு இன்னொன்று. வண்டி பின்பக்கம் குடைசாய்ந்து நெல் கரையெல்லாம் கொட்டியது. மாடுகள் பிழைத்தன. வலத்து மாடு அதற்கப்புறம் நுகத்தைக் கண்டாலே பின்வாங்கும். அடுத்த தைக்குள் அதை விற்றுவிட்டார்கள்.

பின்னால் அடுக்கச் சொன்னது யார் என்று தாத்தா கேட்டார். பண்ணையாள் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

ஆஸ்டின் சாலையோரத்தில் மாப்பிள்ளையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "எங்க தாத்தா வண்டியில பார்த்திருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

மாட்டு வண்டியில் கழுத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான்: சுமையை நகர்த்துவது. அல்லது ஆள் நகர்வது. மேட்டில் ஏறும்போது வண்டிக்காரர் முன்னால் சரிந்து ஏர்க்கால் மேல் உட்கார்வார். இறக்கத்தில் பின்னுக்கு வருவார். அவர் உடம்பே எடைக்கல். ஜட்காவிலும் இதே கதை. செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, திருக்கழுக்குன்றம் போக ஜட்கா பிடித்த பெரியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பார்கள். "கொஞ்சம் முன்னால வாங்க சாமி", "அம்மா பின்னால உக்காரட்டும்" என்று குதிரைக்காரர் ஆட்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போன பருத்த மாமா ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. எங்கள் புதுச்சேரி 'புஸ்புஸ்' வண்டியில் இந்தத் தொல்லை கிடையாது. அதை ஆள் பின்னாலிருந்து தள்ளுவார், உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிக்கொள்வார். அதில் வேறு தொல்லை: துரைக்குத் திருப்பத் தெரிந்திருக்கவேண்டும்.

வண்டிச் சுமையைப் பற்றிய கவலை நம்மிடம் நேற்று வந்ததல்ல. புறநானூற்றில் ஔவையார் பாடிய ஒரு பாட்டில், உப்பு வணிகர்கள் பள்ளமும் மேடுமான வழியை நினைத்து, வண்டிக்கு அடியில் உபரியாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுவது வருகிறது. 'சேம அச்சு' என்று அதற்குப் பெயர். அதிகமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். கார்க்காரர்கள் இன்று ஸ்டெப்னி என்பதை அவர்கள் அச்சாகவே கொண்டு போயிருக்கிறார்கள். கோவளம், மரக்காணம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வண்டிகளை மனக்கண்ணில் பார்ப்பது கஷ்டமில்லை.

பிறகு டயர் வண்டி வந்தது. டன்லப் வண்டி என்றும் சொல்வோம். இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டியைவிட இழுக்க லேசு. ஆகவே மூட்டையை இரண்டு மடங்காக ஏற்றினார்கள். இழுப்பது லேசானதே தவிர, தப்பாக ஏற்றினால் கழுத்துக்கு வரும் துன்பமும் இரண்டு மடங்கு. பெங்களூர் ஐ.ஐ.எம். நிறுவனத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி, பெரிய பெரிய கம்பெனி நிர்வாகம் கற்றுக்கொடுக்கவேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, மாட்டு வண்டியையும் நுகத்தடியையும் சீர்திருத்தவேண்டும் என்று பல ஆண்டுகள் ஓயாமல் பேசினார், எழுதினார். சிலர் சிரித்தார்கள். பாகூர் மாட்டின் கழுத்தைப் பார்த்தவன் சிரிக்கமாட்டான்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே மாடு இல்லை, காரின் பின்பகுதிதான் கழுத்து. முகாம் வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் அழுந்தவேண்டும் என்பது அவர்கள் விதி. அதற்குக் கீழே போனால் பின்வண்டி வாலாட்டும். எங்களுக்கு நடந்தது அதுதான். 1500 கிலோ வண்டிக்கு 180 கிலோ என்று வையுங்கள். காரின் பின்சக்கரத்துக்கு நான்கு அடி பின்னால் அந்த 180 கிலோ தொங்குகிறது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒன்பது அடி. தராசுக் கணக்குப் போட்டால் முன்சக்கரங்கள் 80 கிலோ இழக்கின்றன, பின்சக்கரங்கள் 260 கிலோ கூடுதலாகச் சுமக்கின்றன. திருப்புகிற சக்கரம் முன்சக்கரம். பிரேக் போட்டால் அதிகம் தாங்குவதும் அதுதான். அதை லேசாக்கிவிட்டு நெடுஞ்சாலையில் போவது எப்படி?

வாலாட்டாமல் இருக்க முன்பாரம் வேண்டும். முன்பாரம் வந்தால் காரின் முன்பக்கம் தூக்கும். இந்த இக்கட்டுக்கு அமெரிக்கர்கள் கண்ட வழி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முகாம் வண்டிகள் பெருகிய காலத்தில் பரவிய ஒரு கொக்கி. பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் கொக்கி. நம் வில்வண்டியில் வில் இருக்குமே, அந்த மாதிரி வளைந்து கொடுக்கும் இரண்டு எஃகுக் கம்பிகள். ஒரு முனை காரின் கொக்கியோடு சேர்ந்திருக்கும். மறு முனையைச் சங்கிலியால் பின்வண்டியின் ஏர்க்காலோடு இழுத்து மாட்டுவார்கள். மண்வெட்டிக் காம்பைத் தரையில் ஊன்றி நெம்புவதுபோல் அந்தக் கம்பிகள் காரின் பின்பக்கத்தை நெம்பித் தூக்கும். தூக்கும்போது பாரத்தில் ஒரு பங்கு காரின் முன்சக்கரத்துக்குத் திரும்பிப் போகும், இன்னொரு பங்கு பின்வண்டியின் சொந்த அச்சுக்கே போகும்.

ஏரிக்கரையிலிருந்து திரும்பிய மறு வாரம் மாப்பிள்ளை அதை வாங்கி மாட்டினார். நான் டேப் பிடித்தேன். முதலில் கார் தனியாக நிற்கும்போது முன்சக்கர வளைவின் உயரத்தை அளந்தோம். பின்வண்டியைப் பூட்டியதும் மறுபடி அளந்தோம், ஏறியிருந்தது. ஏர்க்காலின் அடியில் உள்ள ஜாக்கியைச் சுற்றி, காரின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கம்பிகளின் சங்கிலியை இழுத்து மாட்டினோம். தூக்காமல் மாட்டப் பார்த்தால் கம்பி துள்ளிக் கையை முறித்துவிடுமாம். ஜாக்கியை இறக்கி, மூன்றாம் முறை அளந்தோம். இன்னும் ஒரு விரல் உயரம் மிச்சம் இருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி குறைத்து மாட்டினோம். சரியாக வந்தது.

ஆனால் அவசரமாக ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கொக்கி தப்பான ஏற்றுமதியைச் சரி செய்யாது. பின்பாரம் ஏற்றிவிட்டு எந்தக் கம்பியை மாட்டினாலும் வால் ஆடும். அதனால் சைக்கிள்கள் முன்னால் வந்தன. குளியலறை எடை பார்க்கும் கருவி ஒன்றின் மேல் பலகையும் கட்டையும் வைத்து, ஏர்க்கால் நுனியின் எடையையும் மாப்பிள்ளை கணக்குப் பண்ணினார். எனக்கு மட்டும் கையால் தூக்கிப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. 180 கிலோ ஆயிற்றே!

பிரான்சில் இருக்கும் என் சித்தப்பா மகன், படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, போனில் இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கே பல கார்களுக்குக் கொக்கியின் மேல் 75 கிலோதான் அனுமதி. வண்டிகளையே லேசாக, அச்சைப் பார்த்து நடுவில் பாரம் விழும்படி கட்டுகிறார்கள். அதோடு பல ஐரோப்பிய நாடுகளில் பின்வண்டி இழுக்கும் காருக்கு வேக வரம்பும் குறைவு. ஒரே இக்கட்டுக்கு ஆளுக்கொரு வழி. எது சரி என்று கேட்டால், மெதுவாகப் போகிறவன் கட்சி நான்.

இந்த முகாம் வண்டிகள் நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதல்ல. ஏர்ஸ்ட்ரீம் என்ற பளபளக்கும் அலுமினிய முகாம் வண்டிகளைச் செய்த வாலி பையம் 1962இல் இறந்தார். அதற்கடுத்து, 1963-64இல், அந்த வண்டிக்காரர்கள் கூட்டமாக சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, இந்தியா வழியாகவும் சென்று போர்ச்சுகல்வரை போனார்கள். நம் சாலைகளில் அன்றைக்கு அவற்றைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

நமக்குப் பழக்கமான பின்வண்டி டிராக்டர் பின்வண்டிதான். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு எண் வாங்கவேண்டும் என்பது சட்டம். நான் வேலையில் இருந்தபோது என் மேசைக்கு வந்த டிரெய்லர்களெல்லாம் டிராக்டருக்குப் பின்னால் போகிறவையே. டிராக்டரின் கதையிலும் இதே பாரம்தான். ஆரம்ப கால டிராக்டர்களின் பின்னால் கட்டிய கலப்பை பாறையில் மாட்டினால், டிராக்டர் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். உயிர்கள் போயின. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் மூன்று புள்ளி இணைப்பைக் கொண்டுவந்தது இதற்கு முடிவு கட்டத்தான். கலப்பையின் இழுவையையே டிராக்டரின் சக்கரங்களை அழுத்தும் பாரமாக அவர் மாற்றினார். அவர் பெயர் ஒட்டிய மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் 1960களில் சென்னையிலேயே, டாஃபே நிறுவனத்தில், செய்யப்பட்டு நம் வயல்களுக்கு வந்தன.

கலப்பைக்கு அந்த வழி வந்தது. கரும்புக்கு வரவில்லை. அரவைக் காலத்தில் மதுராந்தகம் பக்கம் போனால் படாளம் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களைப் பாருங்கள். பின்வண்டியில் கரும்பு மலைபோல் இருக்கும். முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் வரும். இரண்டு வருடம் முன்பு படாளம் திருப்பத்தில் எங்கள் பஸ் நின்றபோது அப்படி ஒன்று பக்கத்தில் நின்றது. மேட்டில் ஏறத் தொடங்கியதும் முன்சக்கரம் இரண்டும் ஒரு சாண் மேலே எழும்பின. ஓட்டியவருக்கு இருபது வயதுகூட இருக்காது. உடனே இரண்டு பேர் ஓடிவந்து முன்னால், எஞ்சின் மூக்கின் மேல், ஏறி உட்கார்ந்தார்கள். சக்கரம் தரையில் இறங்கியது.

நான் ஜன்னல் வழியாக, "தம்பி, முன்னால ஆள் உக்காரக்கூடாதுப்பா, கரும்பை முன்னால தள்ளி அடுக்கினாலும் தூக்கும், கொஞ்சம் குறைச்சு ஏத்துங்க" என்றேன்.

"குறைச்சு ஏத்தினா கட்டுப்படி ஆகாது ஐயா" என்று அந்தப் பையன் சிரித்தான். பஸ் புறப்பட்டுவிட்டது. கண்ணுக்கு எட்டும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த இரண்டு பேரும் டிராக்டர் மூக்கின் மேல் உட்கார்ந்தபடியே போய்க்கொண்டிருந்தார்கள்.